இருபத்திரண்டாம் கேஜ்

எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவள் நான்.
அப்புத்தளை ரயில் கடவைக்குக் கீழே
வார்னிஷ் மணக்கும் கடை.
கொழுந்து வாட்டும் விசிறி நின்றுபோனால்
மூன்று தோட்டங்கள் என்னைத்தான் கூப்பிடும்.
யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்:
கம்பி என்றால் அவள்.

ஓர்லா வந்தது மழைநாளில்.
ஊர் அயர்லாந்து. கணுக்காலில் அட்டை.
உப்பு வைத்து எடுத்தேன்.
தேத்தண்ணி ஆறுவதற்குள் பையிலிருந்து
ஒரு நூலை உருவி மேசையில் நீட்டினாள்.
முப்பது முடிச்சு.
பழைய துரை பங்களா, இப்போது ஹோட்டல்,
அங்கே பூச்சாடிக்குப் பின்னால்
நரம்பே இல்லாமல் ஒரு யாழ் நிற்கிறதாம்.
முடிச்சுக்கு முடிச்சு ஒரு நரம்பின் நீளம்.

அதிலேயே கட்டிவிடலாமே என்றேன்.
கூடாது, முறுக்கினால் மரம் பிளக்கும்.
அது பிழைத்திருக்க வேண்டுமென்றால்
வாய் திறக்கக் கூடாது, என்றாள்.

ஆகவே இன்னொன்று.
சவப்பெட்டி செய்யும் இராயப்பு
சவுக்குமரத்தின் ஒற்றைக் கட்டையைக் குடைந்தார்.
மூடி வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார்.
செம்பு என்னிடம் கிலோக்கணக்கில் உண்டு,
ஆனால் செம்பு இழுத்தால் நீளும், மன்னித்துக்கொண்டே போகும்.
பித்தளைதான் எதிர்த்து நிற்கும்.
பண்டாரவளையில் தேடி, இருபத்திரண்டாம் கேஜ் வாங்கினேன்.

கம்பி ஏறுகிற நாட்களில் அவள் சுரத்தாளை விரித்தாள்.
கிழவன் ஒருவன் வாசிக்க, எதிரே உட்கார்ந்து
ஒருவன் எழுதியெடுத்தது.
வலக்கையை மட்டும் எழுதினான்.
பியானோவில் அடங்காத இடங்களைத் திருத்தினான்.
ஏன்?
பிழை என்று நினைத்தான்.

நான் அடையாள அட்டையை எடுத்து அவள் முன் வைத்தேன்.
வடிவழகி என்றுதான் அம்மா சொன்னாள்.
பதிந்தவரின் எழுத்துகளில் ழ இல்லை.
கெட்ட மனுஷன் இல்லை, கேட்டதை எழுதினார்.
வடிவலகி கடன் எடுக்கிறாள், வடிவலகி வட்டி கட்டுகிறாள்,
வடிவலகி வாக்குப் போட்டு விரலில் மையோடு வருகிறாள்.
வேதப்புத்தகத்தில் சுரமண்டலம் என்று இருக்கிறதே,
அதற்கு எங்களிடம் இன்னொரு சொல் உண்டு,
அதுவும் இந்த எழுத்தில்தான் முடியும் என்றேன்.
அவள் நாக்கை மடித்துப் பார்த்தாள்.
ர வந்தது. ல வந்தது.
வெளியே பெய்துகொண்டிருந்ததைக் காட்டி ஒருமுறை
மழை என்றாள், சரியாக.
அடுத்தமுறை வரவில்லை.

கட்டி முடித்த அன்று
மோட்டார் எடுக்க வந்த கணவனோடு பரிபூரணமும் வந்தாள்.
ஒரு நரம்பை விரல்சதையால் தொட்டாள்.
பொத்தென்றது.
நகத்தால், என்றாள் ஓர்லா.
நகம் பட்டால் கொழுந்து கறுக்கும்,
கங்காணி வாயில் யார் விழுவது, என்று சிரித்தவள்
கறை ஏறிய சுட்டுவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள்.

படலைக்கு வெளியே நாய் எழுந்து நின்றது.
சத்தம் போகவில்லை.
தகரக் கூரையில் போய் உட்கார்ந்தது,
இராயப்புவின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது.
ஓர்லா இடக்கையை மெல்ல வைத்து அடக்கினாள்.
எதை அதிரவிடுவது, எதை அடக்குவது,
அதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.
அப்படியென்றால் எப்படி வாசிப்பீர்கள்?
ஊகம்தான், என்றாள். சண்டை போட்டுக்கொண்டு ஊகம்.
எங்கள் ஊரில் ஒரே பாட்டுக்கு மூன்று கட்சி.

ரசீதில் என்ன பெயர் போட என்று கேட்டாள்.
வங்கி ஒப்புக்கொள்கிற பெயரையே போடச் சொன்னேன்.

அவள் போய் எட்டு நாள்.
தம்பேதென்னை விசிறி மறுபடி எரிந்து வந்திருக்கிறது.
நாற்பத்தெட்டுச் சுற்று. எண்ணுவது வலக்கை.
இன்றைக்குத்தான் கீழே பார்த்தேன்:
கம்பி தளராமல், அறுந்தும் போகாமல்
இத்தனை வருஷமும் பிடித்திருந்தது மற்றது.
கையேட்டைப் புரட்டினேன்.
சுற்று, தடிமன், திசை
எல்லாம் இருக்கிறது.